உங்களுக்குத் தெரியுமா? அரை அங்குலப் பொய்யும் ஆளே இல்லாத பொய்யும்

◆ டேட்டிங் தளங்களில் நம்மைப் பற்றி நாமே எழுதுவதில் எவ்வளவு உண்மை? அமெரிக்க ஆய்வாளர்கள் கேட்டலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் மூவரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அளந்தே பார்த்துவிட்டார்கள். நியூயார்க்கில் 40 ஆண்கள், 40 பெண்கள் என 80 பேரை வரவழைத்தார்கள். நாடா பிடித்து உயரம் அளந்தார்கள், எடை மெஷினில் நிற்கவைத்தார்கள், ஓட்டுநர் உரிமத்தில் பிறந்த தேதியைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் புரொஃபைலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். உயரம், எடை, வயது மூன்றில் ஒன்றையாவது மாற்றி எழுதியிருந்தவர்கள் 81 சதவீதம். 2008-ல் வெளியான ஆய்வு இது. அந்த எண் ஊரெல்லாம் பரவியது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி அவ்வளவாகப் பரவவில்லை: அந்தப் பொய்களில் பெரும்பாலானவை நேரில் பார்த்தாலும் பிடிபடாத அளவுக்குச் சிறியவை.

◆ ஏன் சிறியவை? நேரில் சந்திக்க வேண்டுமே! காபிக் கடையில் எதிரே வந்து உட்காரப்போகிறவரிடம் நான்கு அங்குலம் கூட்டிச் சொன்னால் எழுந்து நின்றதுமே குட்டு உடைந்துவிடும். கொஞ்சம் மெருகு வேண்டும், ஆனால் மாட்டிக்கொள்ளவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எழுதுகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் கண்டது. என் பார்வையில் இந்த விஷயத்துக்கே சாவி இதுதான். சந்திக்கப் போகிறவரின் பொய்க்கு ஓர் எல்லை இருக்கிறது. சந்திக்கும் எண்ணமே இல்லாதவரின் பொய்க்கு எல்லை கிடையாது. கீழே வரும் தகவல்களை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

◆ அந்த 80 பேரில் அதிகம் பேர் மாற்றியது எடையை. அடுத்தது உயரம். வயதில்தான் பொய் குறைவு. ஆண்கள் உயரத்தைக் கூட்டினார்கள், பெண்கள் எடையைக் குறைத்தார்கள்.

◆ ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளம் தன் பயனாளர்கள் கொடுத்த தகவல்களை மொத்தமாக அலசி 2010-ல் வெளியிட்டது. அமெரிக்க மக்களின் உயரக் கணக்கோடு ஒப்பிட்டால், அங்கே ஆண்கள் சராசரியாக இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தார்கள். ஆறு அடியை நெருங்க நெருங்க, முழுசாக ஆறு என்றே போட்டுக்கொள்ளும் ஆசையும் கூடியது. உயரத்தைக் கூட்டுவதில் பெண்களும் பின்தங்கவில்லை. சம்பளம்? ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வாங்குவதாகச் சொன்னவர்கள், கணக்குப்படி இருக்க வேண்டியதைப்போல ஏறத்தாழ 4 மடங்கு. பார்ப்பவர்களை அதிகம் கவர்ந்த படங்கள்தான் பெரும்பாலும் பழைய படங்களாகவும் இருந்தன.

◆ வயதைக் குறைத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா? 2006-ல் எலிசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இணையத்தில் துணை தேடிய 34 பேரிடம் விரிவாகப் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வயதை மாற்றியவர்கள் சொன்ன காரணம் யோசிக்க வைக்கிறது. தேடுகிறவர் "35 வரை" என்று ஃபில்டர் போட்டால் 36 வயதுக்காரர் அவர் கண்ணிலேயே படமாட்டார். ஒரே ஒரு வயது கூடிப்போனதற்காகப் பட்டியலிலேயே இல்லாமல் போவது அநியாயம் என்று அவர்களுக்குப் பட்டது. ஒன்றிரண்டு வயது குறைத்துப் போட்டுவிட்டு, பேசத் தொடங்கியதும் உண்மையைச் சொல்லிவிட்டவர்களும் உண்டு.

அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனிதரைக் கட்டம் கட்டமாக உடைத்துக் கேட்கும் அமைப்புக்கும் இந்தப் பொய்யில் பங்கு உண்டு. நேரில் ஒருவரைப் பிடித்துப்போனால் 5 அடி 7 அங்குலமா 8 அங்குலமா என்று யாரும் நாடாவை எடுப்பதில்லை. திரையில் அந்த ஓர் அங்குலம் ஓர் ஆளையே மறைத்துவிடுகிறது.

◆ நம் ஊர் மேட்ரிமோனி தளங்களில் இந்தக் கட்டங்கள் இன்னும் அதிகம். நிறத்துக்கே ஒரு கட்டம் இருந்தது. வட அமெரிக்காவில் வாழும் தெற்காசியப் பெண்கள் கையெழுத்து இயக்கம் நடத்திய பிறகு, 2020 ஜூனில் ஷாதி.காம் தளம் நிறத்தைக் கொண்டு தேடும் வசதியை நீக்கியது. மாநிறத்தைச் "சிவப்பு" என்று எழுதிய எத்தனையோ குடும்பங்களின் பொய்க்கு அந்தக் கட்டமே காரணம். கட்டத்தை எடுத்தால் பொய் சொல்லும் தேவையும் குறையும்.

◆ மேட்ரிமோனி தளங்களில் "இந்தப் புரொஃபைலை உருவாக்கியவர் யார்" என்று ஒரு வரி இருக்கும். தானே, பெற்றோர், உடன்பிறந்தவர், உறவினர் என்று அதில் குறிக்கலாம். மேலைநாட்டு டேட்டிங் ஆப்புக்கும் நம் வரன் தேடலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த ஒற்றை வரியில் இருக்கிறது. அங்கே பொய் சொன்னால் சொன்னவர் அதே ஆள். இங்கே அப்பா எழுதியிருப்பார், அண்ணன் திருத்தியிருப்பார், தரகர் பயோடேட்டாவில் இன்னொன்றைச் சேர்த்திருப்பார். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் ஒன்றாக இருக்க, எழுதியது மொத்தச் சம்பளமாக இருக்கும். கடன் முடியாத வீடு "சொந்த வீடு" ஆகும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போயிருப்பவர் "வெளிநாட்டில் செட்டில்" ஆகிவிடுவார். செவ்வாய் தோஷம் வந்துவிடக் கூடாது என்று பிறந்த நேரத்தைச் சில நிமிடங்கள் நகர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ பல நேரம் தெரியவே தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு "நீ ஏமாற்றிவிட்டாய்" என்ற பழி மட்டும் அவர்கள் தலையில் விழும். வரன் தேடும் வீடுகளில் பிள்ளைகள் தங்கள் பக்கத்தை ஒருமுறையாவது திறந்து முழுசாகப் படித்துவிட வேண்டும் என்பது என் மன்றாட்டு.

◆ எவ்வளவு வரை போனால் பொய்? எலிசனும் ஹான்காக்கும் டோமாவும் 2012-ல் எழுதிய இன்னோர் ஆய்வில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. பலர் புரொஃபைலை ஒரு வாக்குறுதி மாதிரி நினைக்கிறார்களாம். இன்றைய நிலை அப்படியே இல்லாவிட்டாலும், நேரில் பார்க்கும்போது பெரிய வித்தியாசம் தெரியக் கூடாது. அந்த அளவுக்குக் கூட்டிக் குறைத்தால் தவறில்லை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட வரம்பு. "இன்னும் நாலு கிலோ குறைத்துவிடுவேன், அதனால் இப்போதே போட்டுவிட்டேன்" என்கிற நியாயம் இந்த வகை.

◆ வேலை தேடும் லிங்க்ட்இன் பக்கத்தில் எப்படி? 2012-ல் வெளியான இன்னோர் ஆய்வில் மாணவர்களை வேலை விண்ணப்ப விவரங்களை எழுதச் சொன்னார்கள். எல்லோரும் பார்க்கும்படியாக லிங்க்ட்இன்னில் எழுதியவர்கள் முந்தைய வேலை, பொறுப்பு பற்றிப் பொய்யைக் குறைத்துக்கொண்டார்கள். பழைய முதலாளி பார்த்துவிடுவாரே! அதற்குப் பதிலாகப் பொழுதுபோக்கு, ஆர்வங்கள் பற்றி அதிகம் அளந்துவிட்டார்கள். மொத்தப் பொய் குறையவில்லை, யாரும் சோதிக்க முடியாத இடத்துக்கு நகர்ந்துகொண்டது.

◆ புரொஃபைல் படங்களை வெளியாட்களிடம் காட்டி, ஆய்வுக்கூடத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிடச் சொன்னார்கள் டோமாவும் ஹான்காக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் படங்கள் ஆளைச் சரியாகக் காட்டவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். படத்துக்கு உரியவர்களோ, பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பினார்கள். கண்ணாடியில் நாம் பார்க்கும் முகத்துக்கு வயது ஏறுவது மெதுவாகத்தான் போலும்.

◆ கைவைக்காத படமும் பொய் சொல்லும், அதுவும் நமக்கு எதிராக! சுமார் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018-ல் அமெரிக்க முக அறுவை சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று செல்ஃபியைக் கொண்டு வந்து காட்டுகிறவர்கள் அதிகமானதால்தான் இந்தக் கணக்கே போடப்பட்டது. ஐந்தடி தள்ளி நின்று வேறொருவர் எடுத்த படத்தைப் போடுங்கள்.

◆ பொய் எழுதும்போது நடையும் மாறுகிறது. புரொஃபைலில் அதிகம் பொய் கலந்தவர்கள் "நான்", "என்" போன்ற சொற்களைக் குறைத்திருந்தார்கள், "இல்லை", "மாட்டேன்" வகைச் சொற்களைக் கூட்டியிருந்தார்கள், மொத்தத்தில் குறைவாகவே எழுதியிருந்தார்கள். 2012-ல் டோமாவும் ஹான்காக்கும் கண்டது. இது ஆங்கிலப் புரொஃபைல்களுக்கான முடிவு. "நான்" இல்லாமலே வாக்கியம் நிறைவடையும் தமிழுக்கு அப்படியே பொருத்திப் பார்த்து யாரையும் சந்தேகிக்க வேண்டாம். கணினி கண்டுபிடித்த இந்தத் தடயங்களை, படித்துப் பார்த்த மனிதர்களால் பிடிக்க முடியவில்லை.

◆ "ஒரு தடவை பேசினாலே ஆளை எடைபோட்டுவிடுவேன்" என்று நினைக்கிறீர்களா? பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் கணக்கிட்டார்கள். மனிதர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும்.

◆ டேட்டிங் ஆப்பில் அறிமுகமாகி, நேரில் சந்திப்பதற்கு முன் அனுப்பிக்கொள்ளும் மெசேஜ்களை 2018-ல் டேவிட் மார்கோவிட்ஸ், ஹான்காக் இருவரும் ஆராய்ந்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட மெசேஜ்கள். எழுதியவர்களே பொய் என்று ஒப்புக்கொண்டவை சுமார் 7 சதவீதம் மட்டுமே. அவற்றிலும் நிறைய, "போனில் சார்ஜ் இல்லை", "இன்று வேலை அதிகம்" என்று முகம் முறியாமல் நழுவிக்கொள்ளும் பொய்கள்.

◆ ஆனால் மக்கள் நம்புவது வேறு. பியூ ஆய்வு மையம் 2020-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், டேட்டிங் தளங்களைப் பயன்படுத்திய அமெரிக்கர்களில் 71 சதவீதம் பேர், கவர்ச்சியாகத் தெரிவதற்காகப் பொய் சொல்வது அங்கே மிகச் சகஜம் என்றார்கள். எல்லோரும் கூட்டிச் சொல்கிறார்கள் என்ற நம்பிக்கை பரவினால், நேர்மையாக 5 அடி 6 அங்குலம் என்று போட்டவரையும் 5 அடி 4 என்றே கணக்கிடுவார்கள். அவருக்கும் கூட்டிப் போடத்தான் தோன்றும்.

◆ இணையம் வருவதற்கு முன் எல்லோரும் யோக்கியமாக இருந்தார்களா? 1695-ல் லண்டனில் ஜான் ஹாட்டன் நடத்திய வார இதழில் ஒரு விளம்பரம் வந்தது. சுமார் 30 வயதுக் கனவான், தனக்கு நல்ல சொத்து இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, 3,000 பவுண்டு அளவுக்குச் செல்வம் உள்ள இளம்பெண்ணைத் தேடினார். ஆங்கிலத்தில் அச்சான முதல் மணமகள் தேவை விளம்பரங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

◆ புரொஃபைல் படம் இன்னும் பழையது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, ஜெர்மானிய இளவரசி ஆன் ஆஃப் கிளீவ்ஸை மணப்பதற்கு முன், அவரை வரைந்துவர ஹான்ஸ் ஹோல்பைன் என்ற ஓவியரை 1539-ல் அனுப்பினார். படம் பிடித்துவிட்டது. நேரில் பார்த்ததும் பிடிக்கவில்லை. 1540 ஜனவரி 6 அன்று நடந்த திருமணம் அதே ஆண்டு ஜூலையில் செல்லாது என்றானது. சம்பந்தம் பேசி முடித்த அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் தலையும் அந்த ஜூலை முடிவதற்குள் உருண்டது. அவர்மேல் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. ஓவியருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் படம் இன்றும் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆனின் அழகைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. படத்தை வரையச் சொன்னதும் அவரல்ல, வேண்டாம் என்றதும் அவரல்ல.

◆ 1908-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் லா போர்ட் ஊரில் பெல் கன்னஸ் என்ற பெண்ணின் பண்ணை வீடு எரிந்தது. தோட்டத்தைத் தோண்டியபோது பிணம் பிணமாக வந்தது. நார்வேயில் பிறந்த அவர், அமெரிக்காவில் வெளிவந்த நார்வேஜிய மொழிப் பத்திரிகைகளில் துணை தேடி விளம்பரம் கொடுத்து, சேமிப்பை எல்லாம் பணமாக எடுத்துக்கொண்டு வரச் சொல்லி ஆண்களை வரவழைத்திருக்கிறார். சொந்த மொழியில் வந்த கடிதம் என்பதால் அவர்கள் நம்பினார்கள். ஊர் விட்டு ஊர் போனவர்களின் தனிமை எவ்வளவு சுலபமாகச் சுரண்டப்படுகிறது என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சாட்சி இது.

◆ கணினி வைத்து ஜோடி சேர்ப்பது 1965-லேயே வந்துவிட்டது. ஹார்வர்டு மாணவர்கள் தொடங்கிய "ஆபரேஷன் மேட்ச்" கேள்வித்தாளை நிரப்பி 3 டாலர் கட்டினால், பொருத்தமானவர்கள் என்று கணினி சொன்ன பெயர்கள் தபாலில் வரும். மேட்ச்.காம் தொடங்கியது 1995-ல்.

◆ பொய் சொல்வது தளங்களும்தான். 2014-ல் ஓகேகியூபிட் தானாகவே ஒப்புக்கொண்ட ஒரு சோதனை: 30 சதவீதப் பொருத்தமே உள்ளவர்களிடம் "நீங்கள் 90 சதவீதம் பொருத்தம்" என்று காட்டினார்கள். அதை நம்பி அவர்கள் கூடுதலாகப் பேசிக்கொண்டார்கள். அனுமதி கேட்காமல் மனிதர்களின் நம்பிக்கையை வைத்து விளையாடியதை என்னால் ஏற்க முடியவில்லை.

◆ இன்னும் மோசமானவை உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஜேடிஐ டேட்டிங் நிறுவனம் "விர்ச்சுவல் கியூபிட்" என்ற பெயரில் போலிப் புரொஃபைல்களை உருவாக்கி, உண்மையான ஆட்கள் ஆர்வம் காட்டுவதுபோல் மெசேஜ் அனுப்பியது. பதில் எழுத வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014-ல் 6,16,165 டாலர் வசூலித்தது. திருமணமானவர்களுக்கான ரகசிய உறவுத் தளமான ஆஷ்லி மேடிசன் 2015 ஜூலையில் ஹேக் செய்யப்பட்டபோது, ஆண்களை இழுக்கப் போலிப் பெண் புரொஃபைல்கள் உலவியது வெளிவந்தது. 2016 டிசம்பரில் அந்த நிறுவனம் 16 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. தங்கள் விவரங்களை முழுசாக அழிக்கப் பணம் வாங்கிக்கொண்டு அழிக்காமல் விட்டதும் அந்தப் புகாரில் இருந்தது.

◆ இனி சந்திக்கவே வராதவர்கள். 2012-ல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து நட்சத்திரம் மாண்டி டேயோவின் காதலி இறந்துவிட்டதாக நாடே இரங்கியது. 2013 ஜனவரியில் டெட்ஸ்பின் இணைய இதழ் உண்மையைக் கண்டுபிடித்தது: அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை. ஒரு பெண்ணின் படத்தை எடுத்து, வேறொருவர் நடத்திய நாடகம் அது. டேயோ அவளை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஏமாந்தவர் அவர். கேலியும் சந்தேகமும் திரும்பியதும் அவர்மேல்தான்.

◆ போலிப் புரொஃபைலுக்கு அதிகம் திருடப்படும் முகங்களில் அமெரிக்க ராணுவ வீரர்களுடையவை முன்வரிசை. வெளிநாட்டில் பணி, வீடியோ காலில் வர அனுமதி இல்லை, விடுப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்று கதை கட்ட வசதி. விடுப்புக்காக எந்த வீரரும் பணம் கட்ட வேண்டியதில்லை என்று அந்நாட்டு ராணுவப் புலனாய்வுப் பிரிவு தொடர்ந்து எச்சரிக்கிறது. கடலில் எண்ணெய்க் கிணற்றில் பொறியாளர், போர்முனையில் மருத்துவர் என்ற வேடங்களும் இதே காரணத்துக்காகத்தான்: வர முடியாமல் போவதற்கான காரணம் வேலையிலேயே இருக்கிறது.

◆ 2022-ல் மட்டும் ஏறத்தாழ 70,000 அமெரிக்கர்கள் காதல் மோசடி பற்றிப் புகார் செய்தார்கள். இழப்பு 130 கோடி டாலர். புகாரே செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

◆ இந்தியாவில் இதன் வடிவம் பலருக்கும் தெரிந்ததே. மேட்ரிமோனியில் லண்டன் டாக்டர் அறிமுகமாவார். சில வாரங்களில் "உனக்கு ஒரு பரிசு அனுப்பியிருக்கிறேன்" என்பார். பிறகு டெல்லி விமான நிலையச் சுங்கத்துறையிலிருந்து பேசுவதாக ஒரு பெண்: பார்சலில் நகையும் வெளிநாட்டுப் பணமும் இருக்கின்றன, வரி கட்டுங்கள், இல்லாவிட்டால் வழக்கு. கட்டக் கட்ட அடுத்த கட்டணம் வரும். சுங்கத்துறை எந்தத் தனியார் கணக்கிலும் பணம் போடச் சொல்லாது. அதன் அதிகாரபூர்வக் கடிதங்களில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். 2019 நவம்பரில் வந்த ஏற்பாடு இது.

◆ நேரில் வந்துவிட்டால் நம்பலாமா? சைமன் லெவியேவ் என்ற பெயரில் உலவியவர் நேரில் வந்தார், தனி விமானத்தில் அழைத்தும் போனார். வைர வியாபாரக் கோடீஸ்வரரின் மகன் என்று சொல்லிக்கொண்டார். அந்த ஆடம்பரத்துக்கான பணம் முந்தைய பெண்ணிடம் பறித்தது. நார்வேயின் விஜி நாளிதழ் 2019-ல் இதை அம்பலமாக்கியது. 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படமும் வந்தது. சந்திக்க வருகிறவரின் பொய்க்கு எல்லை உண்டு என்று முதலில் சொன்ன கணக்குக்கு இவர் விலக்கு. ஆனால் இவரிடமிருந்தும் ஒரு கட்டத்தில் அதே பணக் கோரிக்கை வந்துவிடுகிறது: "எனக்கு ஆபத்து, உன் பெயரில் கடன் வாங்கிக் கொடு."

◆ மறுமுனையில் இனிக்க இனிக்கப் பேசுகிறவரும் அடிமையாக இருக்கக்கூடும். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடிகளில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. தாய்லாந்தில் ஐடி வேலை என்று சொல்லி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் பறிக்கப்படும். அழகான பெண்ணின் படத்தோடு ஒரு புரொஃபைல் கையில் தரப்படும். பேசி மயக்கி, கிரிப்டோவில் முதலீடு செய்யவைக்க வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி.

2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். வேலை தேடிப் போன நம் பிள்ளைகள். வேலை விளம்பரம் என்ற ஒரு பொய்யில் விழுந்து, காதல் என்ற இன்னொரு பொய்யை எழுதத் தள்ளப்பட்டவர்கள். ஏமாந்தவரின் கண்ணீரைப் போலவே இவர்களின் கண்ணீரையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன், அந்த முகவர் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்கும்.

◆ திருடிய படம் என்றால் கூகுள் லென்ஸில் தேடிக் கண்டுபிடிக்கலாம். கணினி புதிதாக உருவாக்கிய முகத்தை எங்கே தேடுவது? 2022-ல் சோஃபி நைட்டிங்கேல், ஹனி ஃபரித் நடத்திய ஆய்வில், உண்மை முகத்தையும் செயற்கை முகத்தையும் பிரித்தறியச் சொன்னபோது சரியாகச் சொன்ன விகிதம் 48 சதவீதம். அதைவிட அதிர்ச்சி, செயற்கை முகங்களுக்கே நம்பகத்தன்மையில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது.

◆ "வீடியோ காலில் வந்தால் நம்பலாம்" என்ற பழைய அறிவுரையும் பலவீனமாகிவிட்டது. 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீஸ் 27 பேரைக் கைது செய்தது. டீப்ஃபேக் உதவியோடு அழகிய பெண்களாக வீடியோ காலில் தோன்றி, சுமார் 4.6 கோடி டாலர் சுருட்டிய கும்பல். ஏமாந்தவர்களில் தைவான், சிங்கப்பூர், இந்தியாவைச் சேர்ந்தவர்களும் உண்டு. கும்பலில் பட்டதாரிகளும் இருந்தார்கள்.

◆ 2025 ஜனவரியில் பிரெஞ்சுத் தொலைக்காட்சி டிஎஃப்1 ஒரு பெண்ணின் கதையை ஒளிபரப்பியது. நடிகர் பிராட் பிட்டுடன் பேசுவதாக நம்பி 8,30,000 யூரோ இழந்தவர். மருத்துவமனைக் கட்டிலில் நடிகர் கிடப்பதுபோல் செயற்கைப் படங்களை அனுப்பியிருந்தார்கள். ஒளிபரப்பானதும் நாடே அவரைக் கேலி செய்தது. கேலி தாங்க முடியாத அளவுக்குப் போய், தொலைக்காட்சி அந்த நிகழ்ச்சியையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. காதல் மோசடியில் சிக்கியவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மோனிகா விட்டி, அவர்களுக்கு விழுவது இரட்டை அடி என்கிறார்: பணமும் போகிறது, உறவும் போகிறது. அந்த உறவு அவர்களைப் பொறுத்தவரை உண்மை. இல்லாத ஒருவருக்காக எப்படி அழுவது, யாரிடம் சொல்லி அழுவது? நம் வீட்டில் ஒருவருக்கு இது நடந்தால் "இவ்வளவு படித்தும் ஏமாந்தாயே" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை ஆபத்தில் சிக்கினால் நம்மிடம் வராமல் செய்துவிடும் வாக்கியம் அது.

◆ சட்டம் என்ன சொல்கிறது? இந்துத் திருமணச் சட்டம் 12-வது பிரிவின்படி, மணமகன் அல்லது மணமகள் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் பெற்றிருந்தால் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். மோசடி தெரிந்த ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனு நிற்காது. அடையாளத்தை மறைத்துத் திருமணம் செய்து உறவுகொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கணினி வழியே இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை.

◆ மேட்ரிமோனி தளங்கள் பயனாளரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும், ஐபி முகவரியைப் பதிந்து வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016 ஜூனிலேயே அறிவுரை வெளியிட்டுவிட்டது. "சரிபார்க்கப்பட்டது" என்ற பச்சை அடையாளத்தைப் பார்த்ததும் எல்லாமே சரிபார்க்கப்பட்டதாக எண்ண வேண்டாம். சில தளங்களில் அது செல்போன் எண்ணுக்கு மட்டும், சிலவற்றில் ஆவணத்துக்கு. சம்பளத்தையும் முந்தைய திருமணத்தையும் நாம்தான் விசாரிக்க வேண்டும்.

◆ டோக்கியோ மாநகர அரசு 2024-ல் தானே ஒரு ஜோடி தேடும் ஆப் தொடங்கியது. அதில் சேர, திருமணமாகாதவர் என்பதற்கு அரசுச் சான்று வேண்டும். வருமானத்துக்கு வரிச் சான்று வேண்டும். திருமணம் செய்யும் எண்ணம் உண்டு என்று உறுதிமொழி தர வேண்டும். அதற்கும் மேல், அதிகாரிகளுடன் நேர்காணல். இவ்வளவு ஆவணம் எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனால் ஏற்கெனவே திருமணமானவர் மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே நுழைவதை இது தடுக்கிறது.

◆ பணம் போய்விட்டதா? உடனே அழைக்க வேண்டிய எண் 1930. இணையத்தில் சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்திலும் புகார் தரலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே போகும். புகார் சீக்கிரம் போனால் வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், அவர் கொடுத்த வங்கிக் கணக்கு அல்லது யுபிஐ விவரம், செல்போன் எண், புரொஃபைலின் இணைப்பு, ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கோபத்திலும் வெட்கத்திலும் அந்த உரையாடல் முழுவதையும் அழித்துவிடத் தோன்றும். அழிக்காதீர்கள்; விசாரணை அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.